கடலோர யோகா முகாம்: வருவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எட்டு வருஷமாக எங்கள் முகாமின் போன் என்னிடம்தான் இருக்கிறது. தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு பழைய ஓட்டுவீடு. அங்கே வருஷத்துக்கு நாலு தடவை ஐந்து நாள் தங்கு முகாம் நடக்கும். ஒரு தடவைக்குப் பதினாறு பேர். நான் ஆசிரியை இல்லை. முதுகுவலியோடு மாணவியாக வந்தவள், இப்போது பெயர்ப் பதிவு, சமையல்கட்டு, போன் மூன்றையும் பார்த்துக்கொள்கிறேன்.

கூப்பிடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். சிலவற்றைக் கேட்கத் தயங்கி, பணம் கட்டிவிட்டு வராமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிவைத்திருக்கிறேன். இந்தக் கரையில் வேறு முகாமுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

வீட்லயே தினமும் பண்றதுதானே மேடம்? அதுக்கு எதுக்கு அஞ்சு நாள் வந்து தங்கணும்?

வீட்டில் தினமும் செய்கிறவர் என்றால் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் பாயை விரித்ததும் காலிங்பெல் அடிக்கும், குக்கர் கூவும், பிள்ளை சாக்ஸைத் தேடும். மூச்சை எண்ணத் தொடங்கி பத்துக்கு மேல் போன ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே ஐந்து நாள் உங்களுக்கு வேறு வேலை கிடையாது. சமைக்கவேண்டாம், வண்டி ஓட்டவேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவேண்டாம். அந்த இடைவெளியில்தான் உடம்பு எங்கே இறுகியிருக்கிறது, மூச்சு எங்கே தட்டுகிறது என்று தெரியவரும்.

ஒரு நாள் எப்படிப் போகும்? மணிக்கணக்கா சொல்லுங்க.

காலை 4:45-க்கு மணி அடிக்கும். 5:30-க்கு எல்லோரும் கடற்கரைக்கு நடந்துபோய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். சூரியன் மே கடைசியில் 5:45 வாக்கிலும் ஜனவரி கடைசியில் 6:30 தாண்டியும் எழும், அதற்கேற்ப இந்த நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். திரும்பி வந்து ஒன்றரை மணி நேரம் ஆசனம். 8:30-க்குக் காலைச் சாப்பாடு. 10:30-க்கு ஆசிரியர் பேசுவார், கேள்வி கேட்கலாம். 12:30-க்கு மதியச் சாப்பாடு, பிறகு ஓய்வு. 3:30-க்கு யோக நித்திரை, அதாவது படுத்தபடியே உடம்பைத் தளர்த்துகிற பயிற்சி, 5 மணிக்கு மூச்சுப் பயிற்சியும் லேசான ஆசனமும். 7 மணிக்குக் கஞ்சியோ இட்லியோ. 9 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம்.

முதல் நாள் யாருக்கும் ஒன்பது மணிக்குத் தூக்கம் வராது. இரண்டாம் நாள் எட்டரைக்கே கண் சொக்கும்.

எனக்குச் சம்மணம் போட்டு உக்காரவே வராது. குனிஞ்சா கை முட்டியைத் தாண்டாது. நான் வரலாமா?

வரலாம். பதினாறு பேரில் ஆறேழு பேர் இப்படித்தான் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற ஆசனங்கள் இருக்கின்றன, சுவரைப் பிடித்துச் செய்கிறவை இருக்கின்றன. தரையில் உட்கார முடிந்தால் இடுப்புக்கு அடியில் மடித்த ஜமுக்காளம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாலு விரல்கடை உயர்ந்தாலே முட்டி தானாக இறங்கிக்கொடுக்கும். முழுப் பத்மாசனம் யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை. வலுக்கட்டாயமாகப் போட்டால் முட்டிச் சவ்வு கிழியும்.

அப்பாவுக்கு 68 வயசு. பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் சாப்பிடறார். சேத்துக்குவீங்களா?

சேர்த்துக்கொள்வோம். ஆனால் பதிவுப் படிவத்தில் எதையும் மறைக்கக்கூடாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கிளாகோமா என்கிற கண் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்களுக்கு சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் கூடாது. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி ரத்த அழுத்தக்காரர்களுக்கும், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், சமீபத்தில் வயிற்றில் அறுவை செய்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. அவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு பயிற்சி கொடுப்போம்.

சுகரில் நான் அதிகம் பயப்படுவது கூடுவதைப் பற்றியல்ல, இறங்குவதைப் பற்றி. காலைப் பயிற்சி வெறும் வயிற்றில் நடக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடவேண்டும். வருவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சாப்பாட்டு நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் காட்டி, மருந்தளவு பற்றிக் கேட்டு எழுதி வாங்கிவாருங்கள். இந்தச் சீட்டு இல்லாமல் நான் அறைச் சாவி கொடுப்பதில்லை.

எந்த மாசம் வந்தா நல்லது?

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை. வெயில் தாங்கும், இரவில் போர்வை கேட்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தை, மாசி சம்பா அறுவடைக் காலம். அறுவடை இயந்திரம் ஓடினால் வைக்கோல் தூசு பறக்கும். விடியற்காலையில் காற்று வயல் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும், அந்தத் தூசு நம் கூடத்தைத் தாண்டித்தான் போகும். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வராதீர்கள்.

சித்திரை, வைகாசியில் வெக்கையைவிடப் புழுக்கம்தான் தொல்லை. உடம்பு நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் சட்டை பிழியலாம். நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்த பிறகுதான் மூச்சு வரும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் கடற்கரை அமைதியாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் முகாம் வைப்பதே இல்லை. இந்தப் பக்கத்து வருஷ மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டுகிறது, புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை டெல்டாக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் கடலோரத்தில் முகாம் என்று யாராவது சலுகை விலை சொன்னால், மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

சென்னையிலேர்ந்து எப்படி வர்றது?

எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை வருகிற ரயிலைப் பாருங்கள். விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற கார்டு லைன் வண்டியில் ஏறிவிட்டு நள்ளிரவில் என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி, பூம்புகார் இரண்டுக்கும் பேருந்து உண்டு. பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள்.

என்னென்ன சாமான் எடுத்துட்டு வரணும்?

தளர்வான பருத்தித் துணி ஐந்து செட். கடலோரத்தில் ஈரம் காயாது, காலையில் போட்டது சாயங்காலம் வரை சொதசொதவென்று இருக்கும். ஒரு துண்டு கூடுதலாக வையுங்கள். கொசுவலை நாங்கள் தருகிறோம். டார்ச், தினசரி மருந்து ஒரு வாரத்துக்கு, மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பழைய கண்ணாடி ஒன்று.

பாய் கொண்டுவரவேண்டாம். கூடத்தில் கோரைப்பாயும் அதன்மேல் பருத்தி விரிப்பும் போட்டிருக்கிறோம். ரப்பர் பாய் இந்த உப்புக் காற்றில் பிசுபிசுத்துப்போகிறது. பெண்கள் தேங்காயெண்ணெய் கூடுதலாக எடுத்துவருவது நல்லது. குடிக்கத் தனித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குளிக்கிற போர்த் தண்ணீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, மூன்றாம் நாள் தலைமுடி நார் மாதிரி ஆகும். ஊருக்குப் போய் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசினால் சரியாகிவிடும்.

போட்டோல எல்லாம் மணல்ல நின்னு பண்றாங்க. நாமளும் மணல்லதானே?

இல்லை. மணலில் நடப்போம், உட்காருவோம். ஆசனம் கூடத்தில்தான். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடுவது போனிலேயே தெரியும், அதனால் காரணத்தைச் சொல்கிறேன். உதிரி மணலில் உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டுப் பக்கம் புதையும். அந்தக் கோணத்தில் உடம்பு எடையைத் தாங்கினால் மணிக்கட்டு மறுநாள் வீங்கும். ஒற்றைக்காலில் விருட்சாசனம் நின்றால் கணுக்கால் இடைவிடாமல் ஆடும். பழகினவருக்கு அது நல்ல பயிற்சி. புதியவருக்குச் சுளுக்கு. அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்தபடியே அரைமணி நேரம் செய்தால் முதுகுக்காரர்களுக்கு வலி கூடும். ஈர மணலில் நடக்கும்போதும் போன தூரமே திரும்பி நடங்கள், இரண்டு காலுக்கும் கணக்குச் சரியாகும்.

இன்னொன்று, காய்ந்த மணலில் செருப்பைக் கழற்றாதீர்கள். அறுந்த வலைத் துண்டு, தூண்டில் முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் புதைந்திருக்கும். நாய் திரிகிற மணலில் உள்ள புழு பாதத் தோலுக்குள் புகுந்து கோடு கோடாக அரிப்பெடுக்கும். எங்களிடம் வந்த ஒருவருக்கு அப்படி ஆகி, தோல் மருத்துவரிடம் போய்த்தான் சரியானது.

கடல்ல குளிக்கலாமா? எனக்கு ஆத்துல நல்லா நீச்சல் தெரியும்.

முழங்கால் ஆழம் வரை. அதற்குமேல் யாரையும் விடமாட்டோம், எவ்வளவு கெஞ்சினாலும்.

காவிரியிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகினவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். ஆற்றில் இழுப்பு ஒரு பக்கமாகப் போகும், கண்ணுக்குத் தெரியும். கடலில் கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு தடம் பிடிக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் கறுத்துச் சாதுவாகத் தெரியும். குளிக்க வாகான இடம் என்று மனசு சொல்வது அங்கேதான், ஆளை உள்ளே கொண்டுபோவதும் அங்கேதான். அகப்பட்டுக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்திச் சக்தியைத் தொலைக்கக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தத் தடத்தைவிட்டு வெளியே வந்தபிறகு கரைக்குத் திரும்பவேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிடவேண்டும். கரைக்காரர்கள் "இன்னிக்கு இறங்காதீங்க" என்று சொன்னால் அதற்குமேல் எங்களுக்கு விவாதம் கிடையாது.

கடல் காத்துல பிராணவாயு அதிகம், அதனாலதான் கடலோரத்துல பிராணாயாமம்னு ஒருத்தர் சொன்னாரே?

கடலோரத்திலும் திருச்சியிலும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடுதான். சாதாரண மூச்சிலேயே நல்ல நுரையீரல் உள்ளவரின் ரத்தம் 95 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது, ஆழமாக இழுத்து அதில் பெரிதாகக் கூட்ட இடமில்லை. பிராணாயாமம் வேலை செய்வது வேறு வழியில். நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை விடுகிற மூச்சை ஆறாகக் குறைத்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பு பதற்றத்திலிருந்து இறங்குகிறது. மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து செய்தாலும் இது நடக்கும்.

அப்படியானால் கடல் எதற்கு? என் அனுபவத்தில் அலைச் சத்தம் ஒரு தாளம் கொடுக்கிறது. எண்ணிக்கை தவறுகிறவர்கள் அலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீட்டக் கற்றுக்கொள்கிறார்கள். பார்வைக்கு முன்னால் எதுவும் மறைக்காமல் அடிவானம் வரை திறந்து கிடப்பது, நாளெல்லாம் கணினித் திரையைப் பார்த்த கண்ணுக்குப் பெரிய ஆறுதல். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், எனக்கு இதுவே போதும்.

சாப்பாடு எப்படி? கடலோரம்னா மீன் உண்டுதானே?

முகாமில் மீன் கிடையாது. மீன் சாப்பிடுவது தாழ்ந்தது என்பதற்காக இல்லை. சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் மூன்று வேளையும் மீனோடு வளர்ந்தவர்கள், வலை இழுக்கிற அவர்கள் தோளைப் பார்த்தால் நம் யோகா ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை குனிந்து நிமிர வேண்டியிருப்பதால் வயிற்றில் நிற்காத சாப்பாடு வேண்டும், சமையல்கட்டும் ஒன்றுதான் இருக்கிறது. அவ்வளவே காரணம்.

காலையில் மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி, அல்லது இட்லி, புட்டு, வாழைப்பழம். மதியம் சோறு, கூட்டு, கீரை, ரசம், மோர். காரம், புளி குறைவு. பட்டினி போடமாட்டோம். கேட்டால் இன்னொரு கரண்டி உண்டு, ஆனால் சாயங்காலப் பயிற்சிக்கு மூன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

காபி கிடையாதாமே? எனக்குக் கும்பகோணம். காபி இல்லாம எந்திரிக்கவே மாட்டேன்.

இதற்காகவே வராமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தினம் மூன்று நாலு டம்ளர் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், எரிச்சலும் மந்தமும் சேரும். ஒரு வாரத்தில் தானாக அடங்கும். முன்பெல்லாம் நாங்கள் காபியே கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் பாதிப் பேர் நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். அவர்கள் "யோகா எனக்கு ஒத்துக்கலை" என்று நினைத்தபடி ஊருக்குப் போனார்கள். அது காபி விட்ட தலைவலி, யோகாவின் தப்பில்லை.

இப்போது காலைப் பயிற்சி முடிந்ததும் சின்ன டம்ளரில் ஒரு காபி கொடுக்கிறோம். மற்ற நேரத்துக்குச் சுக்குமல்லி. நீங்கள் செய்யவேண்டியது, வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு நாளைக்கு ஒன்றாகக் குறைத்து, காலை ஒரு டம்ளரில் வந்து நிற்பது. அப்படி வந்தவர்கள் யாருக்கும் தலைவலி வந்ததில்லை.

ஜலநேதிக்குக் கடல் தண்ணியையே எடுத்துக்கலாமா? அதுலதான் உப்பு இருக்கே.

கூடாது. ஜலநேதி என்பது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. அதற்கு உடம்பு தாங்குகிற உப்பு லிட்டருக்கு 9 கிராம். கடலில் ஏறக்குறைய 35 கிராம், நாலு மடங்கு. மூக்கின் உள்தோல் எரிந்துபோகும், கிருமி வேறு. அதற்காகக் குழாய்த் தண்ணீரும் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. தண்ணீரைக் கொதிக்கவைப்பதில் சோம்பல் படக்கூடாது. கொதிக்காத தண்ணீரில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வாயால் குடித்தால் ஒன்றும் செய்யாத தண்ணீர்கூட மூக்கில் ஏறினால் வேறு கதை.

அந்த மூணு நாள் முகாம்ல வந்துட்டா என்ன பண்றது அக்கா?

ஆண்கள் போனை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து குறுஞ்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். எடுப்பது நான்தான், தைரியமாகக் கேளுங்கள். கூடத்துக்கு வரலாம், தியானத்தில் உட்காரலாம், சமையல்கட்டுக்குள் வரலாம், எங்கேயும் ஒதுங்கி நிற்கவேண்டாம். தலைகீழ் ஆசனமும் வயிற்றை அழுத்துகிற பயிற்சியும் அந்த நாட்களில் விடுவது எங்கள் ஆசிரியரின் வழக்கம். பதிலாக, உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காருகிற பத்தகோணாசனம், தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பது, நீண்ட யோக நித்திரை. வலி அதிகம் இருந்தால் படுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பை என் அறையில் இருக்கிறது.

நான் காரைக்கால் முஸ்லிம். ஓம் சொல்லணுமா? சூரியனைக் கும்பிடணுமா?

வேண்டாம். ஓம் சொல்கிற இடத்தில் வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகினாலே பிராமரிப் பயிற்சியின் அதிர்வு கிடைக்கும், அதுவும் வேண்டாமென்றால் மௌனமாக இருங்கள். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளை மந்திரமில்லாமல் வெறும் மூச்சு எண்ணிக்கையோடு சொல்லித்தருகிறோம். கை குவிக்க மனசில்லாதவர்கள் கையைத் தொங்கவிட்டு நிற்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போய்வர ஏற்பாடு உண்டு. தரங்கம்பாடியில் 1718-இல் திறந்த புது எருசலேம் ஆலயமும், பள்ளிவாசலும், கோயிலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில்தான் இருக்கின்றன. இந்தக் கரையில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லோரும் போகிறோம். யோகாவுக்கு மட்டும் ஏன் வேலி போடவேண்டும்?

பொம்பளை தனியா வரலாமா? எங்க வீட்ல யோசிக்கறாங்க.

தனியாக வருகிற பெண்கள்தான் எங்களிடம் அதிகம். பெண்கள் அறைகள் வீட்டின் பின்கட்டில், உள்தாழ்ப்பாளோடு இருக்கின்றன, நானும் அங்கேதான் படுப்பேன். விடியற்காலையில் கடற்கரைக்குத் தனியாக யாரும் போவதில்லை, எல்லோரும் சேர்ந்தே போகிறோம். வீட்டில் யோசிக்கிறவர்களிடம் என் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.

போனை வாங்கி வச்சுடுவீங்களாமே? பேசவும் கூடாதாமே?

இரவு ஒன்பதிலிருந்து மறுநாள் காலைச் சாப்பாடு முடியும் வரை மௌனம். மற்ற நேரம் பேசலாம். போன் அலமாரியில் இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் கையில் கிடைக்கும். அவசரமென்றால் என் நம்பருக்கு வீட்டிலிருந்து கூப்பிடலாம், உடனே வந்து சொல்வேன். கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த தாய்மாருக்கும், மருத்துவமனையில் ஆள் இருப்பவர்களுக்கும் இந்த விதி கிடையாது.

மூணாம் நாள் எல்லாரும் அழுவாங்கன்னு போன தடவை வந்த பிரெண்ட் சொன்னா. நெசமா?

எல்லோரும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் கடினம் என்பது நிஜம். முதல் இரண்டு நாள் புது இடத்துப் பரபரப்பில் ஓடிவிடும். மூன்றாம் நாள் தொடை வலி, போன் இல்லாத வெறுமை, ஊர் நினைப்பு எல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். யோக நித்திரையில் படுத்திருக்கும்போது காரணம் தெரியாமல் கண்ணில் தண்ணீர் வழியும். பல வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தவர் முதல் தடவையாக நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். யாரும் வந்து என்ன ஏது என்று துளைக்கமாட்டார்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போவோம். அன்றைக்குப் பெட்டி கட்டத் தோன்றினால் ஒரு ராத்திரி மட்டும் பொறுத்துப் பாருங்கள். நாலாம் நாள் காலை வேறு மாதிரி விடிகிறது, எனக்கும் அப்படித்தான் விடிந்தது.

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடறேன். இங்க வந்தா நிறுத்திடலாமா?

நிறுத்தக்கூடாது, ஒரு வேளைகூட. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, நோய் திரும்புவது எல்லாம் நடக்கும். மருந்தோடு கூடவே யோகா செய்தால் பலருக்கு நல்லது. ஆனால் குரல் கேட்பது, இல்லாததைப் பார்ப்பது போன்ற நோய் முன்பு வந்தவர்களுக்கும், இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும், சமீபத்தில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்கும் நீண்ட மௌனமும் நீண்ட தியானமும் நிலைமையை மோசமாக்கக்கூடும். அவர்கள் மனநல மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டும் வரட்டும். இப்போதே யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், ராப்பகலாக எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அப்ப முதுகுவலி, சுகர் எல்லாம் குணமாகும்னு சொல்றது பொய்யா?

நாள்பட்ட இடுப்பு வலிக்கு யோகா ஓரளவு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவும் இருந்தது. சுகரில், மருந்தோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் சேரும்போது அளவு கொஞ்சம் இறங்க உதவும். மருந்துக்கு மாற்று இல்லை. ஐந்து நாளில் எதுவும் குணமாகாது, ஐந்து நாளில் கற்றுக்கொள்ள முடியும். எனக்கு முதுகு சரியாக ஏழு மாதம் ஆனது, அதுவும் வீட்டில் தினம் செய்ததால்.

சுனாமி வந்த ஊராச்சே. ராத்திரி தூங்கப் பயமா இருக்காதா?

பயத்தில் தப்பில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டம்தான். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் வீட்டிலும் அன்றைக்கு இறந்தவர் படம் மாலையோடு தொங்குகிறது. அன்றைக்கு முன்னறிவிப்பு சொல்ல ஆளில்லை. 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் வந்தவுடன் முதல் நாள் மாலையே எல்லோரையும் மேற்கே போகிற பாதையில் ஒரு தடவை நடத்திக் காட்டுகிறோம். நில அதிர்ச்சி உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் அந்தப் பாதையில் உள்ளே போகவேண்டும்.

அந்தக் காலத்தைப் பற்றி ஊர்க்காரர்களிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கடற்கரைல மீன்காரங்க இருப்பாங்களே, நம்மளைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?

அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. நாம் உட்காருகிற நேரம்தான் படகு வருகிற நேரம். அந்தக் கரை அவர்களுடைய வேலைத்தலம், நாம் ஓரமாக இடம் கேட்டு உட்கார்ந்தவர்கள். முகாம் தொடங்குமுன் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி, எந்த இடம் என்று அவர்கள் காட்டிய இடத்தில்தான் உட்காருகிறோம். காயப்போட்ட வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தாதீர்கள், அது ஒரு வீட்டின் சோறு. இறுக்கமான உடையோடு கரைக்கு வருவதானால் மேலே ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் இரவில் கரையில் டார்ச் அடிக்கக்கூடாது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், பொரித்த குஞ்சு கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நகரும்.

திருக்கடையூர்ல அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதை முடிச்சுட்டு அப்படியே முகாமுக்கு வரலாமா?

கல்யாணத்துக்கும் முகாமுக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். விருந்துச் சாப்பாட்டோடும் உறவுக்காரர் பேச்சோடும் வந்தால் முதல் நாள் வீணாகும். கோயில், கோட்டை பார்ப்பதை முகாமுக்கு நடுவில் வைக்கமாட்டோம். முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அலை அரித்துத் தின்றுகொண்டிருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் இரண்டையும் காலாற நடந்தே பார்க்கலாம். மனசிருந்தால் திருவாவடுதுறைக்கும் ஒரு நடை போங்கள். திருமூலர் தவமிருந்ததாகச் சொல்லப்படுகிற ஊர். மூச்சைக் கணக்கிடுவதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழில் பாடிவைத்தவர் அவர்.

நல்ல முகாம், ஏமாத்து முகாம் எப்படிக் கண்டுபிடிக்கறது?

பணம் கட்டுமுன் நாலு விஷயம் கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், உடம்பு நிலை பற்றிப் படிவம் உண்டா, பக்கத்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், பாதியில் கிளம்பினால் பணம் என்னாகும். மழுப்பினால் விட்டுவிடுங்கள். நோயைக் குணப்படுத்துகிறோம், மருந்தை நிறுத்துங்கள் என்று சொன்னால் அப்போதே போனை வைத்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, நான் அனுபவப்பட்டுச் சேர்த்தது. கேட்காமல் தொடுவார்களா என்று விசாரியுங்கள். இங்கே வருவதற்கு முன் வேறோர் இடத்தில் பஸ்சிமோத்தாசனத்தில் குனிந்திருந்தபோது, உதவியாள் ஒருவர் பின்னாலிருந்து என் முதுகை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போகும் என்றார். போனது தசைநார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை, ஆசிரியரிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவள். உங்களுக்கு வாய் வரட்டும். எங்கள் கூடத்தில் "தொடவேண்டாம்" என்பதற்கு அடையாளமாகப் பாயின் தலைமாட்டில் ஒரு சிப்பியை வைத்தால் போதும், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

ஊருக்குப் போனா ரெண்டே நாள்ல விட்டுடறேன். மறுபடி முகாமுக்கு வந்தா சரியாகுமா?

ஆகாது. அதனால் முகாம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் அதே ஆளை மறுபடி சேர்த்துக்கொள்வதில்லை. கடைசி நாள் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து இருபது நிமிஷத்துக்குள் முடிகிற ஒரு பட்டியல் எழுதித்தருவோம். ஆறு ஆசனம், மூக்குத் துளையை மாற்றி மாற்றி மூச்சு விடுகிற நாடிசுத்தி ஐந்து நிமிஷம், சவாசனம். ஒன்றரை மணி நேரம் செய்யப் பார்க்காதீர்கள், அதனால்தான் இரண்டே நாளில் விடுகிறது. பாயைச் சுருட்டி அலமாரியில் வைக்காமல் கண்ணில் படுகிற மூலையில் நிறுத்திவையுங்கள். எனக்குப் பால் வருவதற்கும் பேத்தி எழுவதற்கும் நடுவில் இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கிறது, அதில் நடக்கிறது. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவேண்டாம், விட்டது விட்டதுதான்.

இதில் இல்லாத கேள்வி ஏதாவது இருந்தால் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் கூப்பிடுங்கள். முகாம் நடக்கிற நாட்களில் வேறு நேரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தால், நான் கரையிலோ அடுப்பங்கரையிலோ இருக்கிறேன் என்று அர்த்தம். திருப்பிக் கூப்பிடுவேன்.